சிமளை

ஆறாம் வகுப்பு 'ஆ' பிரிவு, பொதட்டூர்ப்பேட்டை.
முப்பத்தொரு பேர்.
ஜன்னலைச் சாத்தினாலும் தறிச்சத்தம் உள்ளே வந்து உட்காரும்,
வருகைப்பதிவில் பெயரில்லாத இன்னொரு பிள்ளை மாதிரி.

தடங்கல் இல்லாமல் வாசிப்பார்கள்.
கால்புள்ளிக்கு மூச்சு, முற்றுப்புள்ளிக்கு நிறுத்தம்.
கோதண்டபாணி வாசித்தால் வானொலிச் செய்தி.
"வெள்ளம் வடியாததால் படகோட்டி கரையிலேயே காத்திருந்தான்."
சரி, படகோட்டி ஆற்றைத் தாண்டினானா இல்லையா?
என் முகத்தைப் பார்த்தான்
விடை அங்கே அச்சாகியிருக்கிறதோ என்று.

தேர்வில் ஆனால் அவனுக்குப் பத்துக்குப் பத்து.
வித்தையைச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்:
கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடு.
அகப்பட்ட வரியை அப்படியே தூக்கி வை.
'ஏன்' என்று கேட்டால் கடைசியில் 'ஆல்' சேர்.
பதினோரு வருடம்.
என் வகுப்பில் யாரும் தோற்றதில்லை.

மின்சாரம் போன ஒரு புதன் இரவு
செல்போன் வெளிச்சத்தில் ஒரு பத்தி எழுதினேன்:

தொலுமன் ஒரு சிமளையை நெக்கரித்தான்.
சிமளை மூன்று நாள் பொலுகியது.
ஆகவே ஊரார் குவந்தையாக இருந்தார்கள்.

எந்த அகராதியிலும் இல்லாத சொற்கள்.
எனக்கே அர்த்தம் தெரியாது.

காலையில் கரும்பலகையில் எழுதிப்போட்டேன்.
தொலுமன் எதை நெக்கரித்தான்? சிமளையை.
எத்தனை நாள் பொலுகியது? மூன்று நாள்.
ஊரார் ஏன் குவந்தையாக இருந்தார்கள்?
சிமளை மூன்று நாள் பொலுகியதால்.
முத்து முத்தான கையெழுத்து, விடைக்கடியில் ஸ்கேல் வைத்த கோடு.
முப்பது பேருக்கு முழு மதிப்பெண்.
திருத்தும்போது
சிவப்புப் பேனாவின் மூடியை இரண்டு முறை கீழே போட்டேன்.

புரிஞ்சுதா என்று கேட்டேன்.
புரிஞ்சுது மேடம், கூரை அதிர.
ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்ததில்தான் தெரிந்தது:
வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள்
சிமளை தெலுங்காக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.
வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள்
தமக்கு வராத தமிழ் என்று வாய் திறக்கவில்லை.
எல்லையோரத்தில் இது ஒரு சவுகரியம்,
தெரியாதது எல்லாம் பக்கத்து வீட்டுக்காரனுடையது.

முப்பத்தோராவது தாள் ரூபாவதியுடையது.
நகரிப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள்,
வாசிக்கச் சொன்னால் 'ழ'வில் இடறி நிற்பாள்,
அதற்காக நானே அவளைக் கடைசி வரிசைக்கு மாற்றியிருந்தேன்.
விடை எதுவும் எழுதவில்லை. அடியில் பென்சிலில்:
"சிமளைக்கு உசிர் இருக்கா மேடம்?
அது தெரிஞ்சாதான்
மூணு நாள் ஜாஸ்தியா கம்மியான்னு சொல்ல முடியும்."

எத்தனை மதிப்பெண் போடுவது?
இன்னும் போடவில்லை.

வெள்ளிக்கிழமை பாடப்புத்தகத்தைத் திறக்கவே இல்லை.
சிமளை காய்ச்சல் என்றான் ஹேமாத்திரி;
அப்படியானால் குவந்தை என்பது பயம்.
இல்ல, மழை, மூணு நாள் மழைன்னா ஏரி ரொம்பிடும்,
குவந்தைன்னா சந்தோஷம் என்றாள் முனிலட்சுமி.
மூணு நாள் மழைன்னா பாவு நனைஞ்சிடும்,
எங்கப்பாவுக்குக் கூலி கிடையாது,
அது என்ன சந்தோஷம்? இது சரண்தேஜா.
'ஆகவே'யை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள்,
தமிழில் தொடங்கிய சண்டை தெலுங்கில் போய்,
நடுவில் யாரோ நெக்கரித்தான் என்றால் திருடினான் என்று கத்த,
தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்றார்.
வாசிப்பு நடக்கிறது சார் என்றேன்.
அவர் நம்பவில்லை.

மறுவாரம் வட்டார வள மையத்தில் கூட்டம்.
திரையில் ஓடியது:
அடைவுசார் வாசிப்பு விளைபயன் படிநிலைச் சட்டகம்.
நாற்பது தலைகள் ஆடின.
என் தலையும் பழக்கத்தில் பாதி ஆடிவிட்டது.
அதை அங்கேயே நிறுத்திவிட்டுக்
கையைத் தூக்கினேன்.
ஏழாம் வகுப்புக்குப் பிறகு முதல் தடவை என்று நினைக்கிறேன்,
எவ்வளவு உயரம் தூக்குவது என்று தெரியவில்லை.